ரயில்வே கேட்டும் ஹாரன் சத்தமும்: பெங்களூரில் எந்த மனுவை எங்கே கொடுப்பது

எங்கள் வீட்டிலிருந்து ரயில்வே கேட் கூப்பிடு தூரம். வீடு பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இருந்த அரை மணி நேரத்தில் ஒரு வண்டியும் போகவில்லை, வாடகையில் ஆயிரம் குறைத்ததே பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். குடிவந்த முதல் ராத்திரி இரண்டே முக்காலுக்கு ஒரு கூட்ஸ் அடித்த ஹாரனில் என் பெண் எழுந்து உட்கார்ந்து அழுதாள். காலையில் அவளுடைய ஸ்கூல் வேன் கேட்டுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். பதினெட்டு நிமிஷம். அதற்கப்புறம் கேட் திறந்தால், தண்டவாளத்தை ஒட்டியிருந்த மேட்டில் ஸ்கூட்டரின் அடிப்பாகம் தட்டி நின்றது.

கோபத்தில் இது எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினேன். தெருவில் அறுபத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். அது அங்கிருந்து இன்னோர் அலுவலகம், அங்கிருந்து மூன்றாவது, கடைசியில் 'எங்கள் வரம்பில் இல்லை' என்று நான் முதலில் கொடுத்த இடத்துக்கே திரும்பி வந்தது. ஏழு மாதம் போச்சு. நீங்கள் அந்த ஏழு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அல்சூர் பக்கமோ லிங்கராஜபுரமோ பாணஸ்வாடியோ, ரயில் பாதை ஓரம் புதிதாகக் குடிவந்திருக்கும் நம் ஆட்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். எங்கள் கேட் எது என்று மட்டும் சொல்லவில்லை, கேட்கீப்பர் அண்ணனுக்குத் தொந்தரவு வேண்டாம்.

1. குறையை மூன்றாகப் பிரியுங்கள்

கேட் நீண்ட நேரம் மூடியிருப்பது ஒன்று. ஹாரன் மற்றும் இதர சத்தம் இரண்டு. ரோட்டு மேடு, குழி, இருட்டு, போர்டு இல்லாதது மூன்று. மூன்றுக்கும் மூன்று தனி மனு. ஒரு மனுவில் இரண்டு விஷயம் இருந்தால், படிக்கிற அதிகாரி தனக்குச் சம்பந்தமில்லாததைக் காட்டி முழுசையும் வேறு பக்கம் தள்ளிவிடுவார். அவர் மேல் தப்பும் இல்லை, கோப்பு அப்படித்தான் நகரும்.

யாருடையது எது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. இரண்டு கேட்டுக்கு நடுவே உள்ள ரோடு, கேட், சிக்னல், தண்டவாள ஓரச் சுவர் எல்லாம் ரயில்வே. கேட்டுக்கு வெளியே ரயில்வே எல்லை முடிந்த பிறகு வரும் ரோடு, தெருவிளக்கு, வேகத்தடை மாநகராட்சி, சில பெரிய ரோடுகளில் பொதுப்பணித் துறை. பாலமோ சப்வேயோ வேண்டுமானால் இரண்டு பேரும் சேர்ந்து.

இதில் ஒரு புதுக் குழப்பம் உண்டு. 2025 செப்டம்பரிலிருந்து பிபிஎம்பி என்ற பழைய பெங்களூர் மாநகராட்சி கிடையாது. கிரேட்டர் பெங்களூர் ஆணையமும் அதன் கீழே மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாநகராட்சி, அந்தப் பக்கம் வேறொன்று என்றுகூட இருக்கலாம். பழைய பிபிஎம்பி விலாசம் போட்ட மனு மாதிரியை யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் அப்படியே பிரிண்ட் எடுக்காதீர்கள்.

2. கேட் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள், கேட்கீப்பரிடம் பேசுங்கள்

'பிள்ளையார் கோயில் கேட்' என்றெல்லாம் எழுதினால் ரயில்வேயில் யாருக்கும் தெரியாது. கேட் ரூம் சுவரிலோ கம்பத்திலோ எல்சி நம்பர், அதாவது லெவல் கிராசிங் நம்பர், எழுதியிருக்கும். அதோடு பக்கத்து மின்கம்பத்தில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும் ரோட்டில் நின்றபடியே குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் என்பதும் மனுவின் முதல் வரியில் இருக்க வேண்டும்.

நம்பர் எடுக்கிறேன் என்று தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். போன் கேமராவை ஜூம் செய்தால் வேலை முடிந்தது.

அப்புறம் கேட்கீப்பர். எங்கள் கேட்டில் இருப்பவர் ஜோலார்பேட்டைக்காரர். முதல் நாள் நான் அவரிடம் சண்டைக்குத்தான் போனேன். "ரயில் வர பத்து நிமிஷம் இருக்கு, ஏன் இப்பவே மூடறீங்க?" அவர் பதில் சொல்லாமல் கேட் ரூமுக்குள் இருந்த பெட்டியைக் காட்டினார். "பாருங்க தம்பி. கேட்டை மூடிப் பூட்டி சாவியை இதுல போட்டாத்தான் அந்தப் பக்கம் ரயிலுக்குப் பச்சை சிக்னல் விழும். சிக்னல் விழுந்துட்டா வண்டி போற வரைக்கும் சாவி வெளியே வராது. நானே நெனச்சாலும் திறக்க முடியாது." இதற்குப் பெயர் இன்டர்லாக் கேட். இன்டர்லாக் இல்லாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து ஒரு ரகசிய எண் சொல்வார், கேட்கீப்பர் பதிலுக்கு ஒரு எண் சொல்வார், அதை ரிஜிஸ்டரில் எழுதிய பிறகுதான் வண்டி விடுவார்கள். ஆக, கேட் சீக்கிரம் மூடுவதற்காகக் கேட்கீப்பர் மேல் புகார் எழுதினால் அது முதல் நாளே செத்த மனு.

அவரைத் திட்டி, மிரட்டி கேட்டைத் திறக்க வைப்பது ஆபத்தும் கூட. மூடிய கேட்டை நீங்களாகத் திறந்தால் 160-வது பிரிவில் மூன்று வருஷம் வரை, உடைத்தால் ஐந்து வருஷம் வரை சிறை. பைக்கைச் சாய்த்து குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

3. பத்து நாள் நோட்டுப் போடுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கேட் மூடிய நேரம், திறந்த நேரம், எத்தனை ரயில் போனது, ரோட்டில் வண்டிகள் எவ்வளவு தூரம் நின்றன. ஆம்புலன்ஸ் நின்றால் தனியாகக் குறித்து ரோட்டில் நின்று போட்டோ எடுங்கள். நானும் எதிர்வீட்டுப் பாட்டியும் முறை போட்டு எழுதினோம். பாட்டிக்கு ராத்திரி தூக்கம் வராது, அதனால் ராத்திரிக் கணக்கு முழுக்க அவருடையது, கூட்ஸ் என்றால் 'கூ', பாசஞ்சர் என்றால் 'பா'. பிற்பாடு ஓர் இன்ஜினியர் என் மனுவைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

போனில் டெசிபல் ஆப் வைத்து அளப்பதும் உண்டு. ஒரு போனுக்கும் இன்னொரு போனுக்கும் பத்து டெசிபல் வித்தியாசம் சர்வசாதாரணம், அதை ஆதாரமாக வைத்து வாதாட முடியாது. எந்த நேரம் மோசம் என்று நமக்கே தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான். அங்கீகாரம் பெற்ற லேப் மூலம் அளக்க நான் விசாரித்தபோது சில ஆயிரங்கள் கேட்டார்கள். முதல் கட்டத்தில் அந்தச் செலவு வேண்டாம்.

4. சுலபமானதை முதலில் முடியுங்கள்

ரோட்டு மேடு, விளக்கு, வேகத்தடை. இவைதான் சீக்கிரம் நடக்கும், நடந்தால் தெருக்காரர்களுக்கும் நம் மேல் நம்பிக்கை வரும், அடுத்த கையெழுத்து கேட்கும்போது முகம் திருப்ப மாட்டார்கள்.

கேட்டுக்கு நடுவில் உள்ள மேட்டுக்கு டிஆர்எம், அதாவது ரயில்வே கோட்ட மேலாளர், அலுவலகத்தின் இன்ஜினியரிங் பிரிவுக்கு மனு. நாம் தென்மேற்கு ரயில்வே, பெங்களூர் கோட்டம். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் தெற்கு ரயில்வே என்று சென்னைக்கு அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம் மண்டலத்தின் தலைமையகம் ஹூப்ளி. தண்டவாளத்தை மெஷின் வைத்துச் சரிசெய்யும்போது பாதை கொஞ்சம் உயரும், ரோட்டை அதற்கேற்ப உயர்த்தாமல் விட்டால் மேடு. மனுவில் 'மேடு' என்று மட்டும் எழுதாமல், ஸ்கேல் வைத்து எத்தனை இன்ச் என்று போட்டோவோடு கொடுங்கள். எங்களுக்கு ஐந்து வாரத்தில் சரி செய்தார்கள்.

வெளியே உள்ள ரோட்டுக்கு மாநகராட்சி உதவி எண் 1533, பதில் வராவிட்டால் மாநில அரசின் 1902. மாநகராட்சி மனு கன்னடத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்றில்லை, ஆனால் கன்னடத்தில் கொடுத்தால் மேஜைக்கு மேலேயே இருக்கும். எழுதத் தெரியாவிட்டால் அலுவலகம் பக்கத்து டைப்பிங் கடையில் 'மனவி பத்ரா' என்று சொல்லுங்கள், எனக்கு ஒரு பக்கத்துக்கு ஐம்பது ரூபாய் ஆனது. ரயில்வேக்கு ஆங்கிலமே போதும்.

எந்த மனுவானாலும் இரண்டு பிரதி. ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். "நாளைக்கு வாங்க, சீல் உள்ளே இருக்கு" என்றால், சரி என்று திரும்பாமல் தபாலில் அனுப்பிவிடுங்கள். ரிஜிஸ்டர் போஸ்ட் தனியாக இப்போது இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ரசீது பத்திரம்.

5. பத்து ரூபாய் ஆர்டிஐ, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு

கேட் மூடும் நேரம், பாலம், சப்வே பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நான் இதைக் கடைசியில் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும்.

ரயில்வே மத்திய அரசு என்பதால் மத்திய ஆர்டிஐ தளத்தில் ஆன்லைனிலேயே போடலாம். கட்டணம் 10 ரூபாய். பெட்டியில் 3,000 எழுத்துக்குள் அடக்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, மத்திய தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். மாநகராட்சிக்குத் தனி ஆர்டிஐ, அது கர்நாடக விதிகளின் கீழ் வரும், ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். மத்திய அரசுக்கு எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டினால் திரும்பி வரும்.

'ஏன் பாலம் கட்டவில்லை' என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு ஆர்டிஐயில் பதில் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தைக் கேளுங்கள்: இந்த எல்சியில் கடைசியாக டிவியு கணக்கு எடுத்த தேதி, அதன் தாள், எந்த வண்டிக்கு எத்தனை யூனிட் போட்டார்கள் என்பது, கேட் இன்டர்லாக் செய்யப்பட்டதா, பாலம் அல்லது சப்வேக்கு அனுமதி உண்டா, எந்த ஆண்டு, பாலமோ சப்வேயோ எப்படி அமையும் என்று காட்டும் ஜிஏடி என்னும் வரைபடத்தின் நகல், இது சம்பந்தமாக மாநில அரசோடு நடந்த கடிதப் போக்குவரத்து.

டிவியு என்றால் என்ன என்று தெரிந்தால்தான் அடுத்த படி புரியும். 24 மணி நேரத்தில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை, அதே 24 மணி நேரத்தில் கேட்டைக் கடக்கும் வண்டி யூனிட்களால் பெருக்கினால் வருவது. கார், லாரி, பஸ் ஒரு யூனிட், ஆட்டோ அரை யூனிட் என்று போகும். இந்தப் பெருக்கல் ஒரு லட்சத்தைத் தொட்டால், பாலச் செலவை ரயில்வேயும் மாநிலமும் பாதிப் பாதி பகிர்வது நெடுநாள் நடைமுறை. அதற்குக் கீழே இருந்தால் கேட்பவர் முழுச் செலவையும் ஏற்க வேண்டும் என்று பேச்சு திரும்பும். நாளுக்கு 60 ரயில் என்றால் சுமார் 1,670 யூனிட் வேண்டும். எங்கள் கேட்டின் பழைய கணக்கு புது அப்பார்ட்மென்ட்கள் வருவதற்கு முன்னால் எடுத்தது. 'மறுபடி கணக்கெடுங்கள்' என்பதுதான் எங்கள் இரண்டாவது மனுவின் ஒரே வரி. அந்த ஒரே வரி மனு முன்னே கொடுத்த நாலு பக்க மனுவைவிட வேகமாக நகர்ந்தது.

6. ஹாரன்: எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் வீண்

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம்.

கேட்டுக்கு இரு பக்கமும் சுமார் 600 மீட்டர் முன்னால் மஞ்சள் பலகை ஒன்று இருக்கும், கறுப்பில் டபிள்யூ, எல் என்ற எழுத்துகள். அங்கிருந்து கேட்டைத் தாண்டும் வரை ஓட்டுநர் ஹாரன் அடித்தாக வேண்டும். அவர் அடிக்காமல் விட்டு விபத்து நடந்தால் முதல் கேள்வி அவருக்குத்தான். ஆகவே 'ராத்திரி ஹாரன் அடிக்கக் கூடாது' என்ற மனுவுக்கு 'பாதுகாப்புக் காரணம்' என்ற இரண்டு வரிப் பதிலைத் தவிர எதுவும் வராது. எனக்கு வந்தது.

எங்கள் குரூப்பில் ஒருவர் 'அமைதி மண்டலம்' கேட்கலாம் என்று ஒரு செய்தியை அனுப்பிக்கொண்டே இருந்தார். அது அமெரிக்க விதி. அங்கே 2005-லிருந்து ஓர் ஊர், சின்ன ஊரானாலும், தன் கிராசிங்குகளில் நாலு பக்கமும் அடைக்கும் கேட், நடுவே தடுப்பு என்று பலப்படுத்திக் காட்டினால், வழக்கமாக அடிக்கும் ஹாரனை நிறுத்தக் கேட்கலாம். நம் ஊரில் அந்த விதி இல்லை. ஆனால் அதன் கணக்கு இங்கேயும் செல்லும்: முதலில் கிராசிங்கைச் சரி செய், சத்தம் தானாகக் குறையும்.

தெரிந்த லோகோ பைலட் ஒருவரிடம் கேட்டேன். "போர்டுக்கு அடிக்கிறது ரூல் சார். ஆனா உங்க வீட்டுக்கிட்ட நான் விடாம அடிக்கிறது போர்டுக்காக இல்ல. அங்க சுவர் உடைஞ்சிருக்கு, எப்பப் பார்த்தாலும் ஆளுங்க குறுக்க வர்றாங்க. தண்டவாளத்துல ஆள் தெரிஞ்சா கை தானா ஹாரனுக்குப் போகும்." அந்தச் சந்து வழியாகத்தான் பால் வாங்க நானும் போய்க்கொண்டிருந்தேன்! சுவரை அடைக்க மனு கொடுத்தோம், ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது, அடைத்த பிறகு பகல் நேர நீள ஹாரன்கள் நன்றாகவே குறைந்தன. பாலுக்கு இப்போது சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

சட்டத்தில் எண்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55, ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி என்று அறிவித்தால் 50, 40. அளவைவிட 10 டெசிபலோ மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம். இதை ஹாரனுக்கு எதிராக வீசுவதைவிட, வேறு சத்தங்களுக்குப் பயன்படுத்துங்கள்: யார்டில் நிற்கும் ரயிலின் ஜெனரேட்டர் பெட்டி உறுமுவது, ஸ்டேஷன் ஸ்பீக்கர், காண்டிராக்டர் ராத்திரி இரும்பு இறக்குவது. இவற்றைக் குறைக்க ரயில்வேக்கு வழி இருக்கிறது. மேலே போகும் மின்கம்பியிலிருந்தே பெட்டிகளுக்குக் கரண்ட் எடுக்கும் ஏற்பாடு வந்த பிறகு ஜெனரேட்டரை எப்போதும் ஓட்ட வேண்டியதில்லை. அப்படியும் ராத்திரியில் ஓடினால் ரயில் எண், நேரம் போட்டுக் கேளுங்கள்.

இவற்றை மத்திய அரசின் சிபிகிராம்ஸ் என்ற குறைதீர்ப்புத் தளத்தில் ரயில்வே அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்துப் போடலாம், இலவசம், 21 நாள் கெடு. 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டுப் பதிலில் ஒன்றுமே இல்லாவிட்டால், திருப்தியில்லை என்று குறித்து அங்கேயே அப்பீல் போடுங்கள். ரயில்வேயின் 139 உதவி எண் பெரும்பாலும் பயணிகளுக்கானது, அதில் கேட் விஷயத்தைச் சொல்லிப் பொழுது போக்காதீர்கள்.

7. பாலம், சப்வே: வருஷக் கணக்கில் நினையுங்கள்

டிவியு தாள் கையில் வந்ததும் எம்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். எம்.எல்.ஏ.வும் வேண்டும், நிலம் எடுப்பதும் மாநிலப் பங்கும் அந்தப் பக்கம். எம்.பி.யின் கடிதம் பொது மேலாளருக்குப் போனால் பதில் எழுதியாக வேண்டும். நாலு வரிக் கடிதத்தை நீங்களே தயார் செய்து, நோட்டின் சுருக்கமும் டிவியு நகலும் வைத்துக் கொடுத்தால், அவர்களுக்கு வேலை மிச்சம், உங்களுக்கு மாதம் மிச்சம்.

முதலில் பாருங்கள், உங்கள் பாதை புறநகர் ரயில் திட்டத்தில் வருகிறதா என்று. பையப்பனஹள்ளி - சிக்கபாணாவரா, ஹீலலிகே - ராஜானுகுண்டே தடங்களைக் கே-ரைட் நிறுவனம் செய்கிறது. அந்தத் தடத்து ஓரமாக இருந்தால் மனுவின் ஒரு நகல் அங்கேயும் போக வேண்டும், இல்லாவிட்டால் கோட்ட அலுவலகம் அவர்களைக் கை காட்டும், அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள்.

சப்வே தருகிறோம் என்றதும் சந்தோஷத்தில் சரி சொல்லிவிடாதீர்கள். ஜிஏடியை விரித்து மூன்று விஷயம் பாருங்கள். உயரம் எவ்வளவு, அதில் ஆம்புலன்ஸும் ஸ்கூல் வேனும் போகுமா. மழைத் தண்ணீர் எங்கே போகும், பம்ப் எங்கே, அதற்குக் கரண்ட் பில் யார் கட்டுவது. 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒரு பெண் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. மூன்றாவது, நடந்து போகிறவர்களுக்கு என்ன வழி.

8. கேட்டை மூடும் நோட்டீஸ்

அந்த மூன்றாவது விஷயத்தை நாங்கள் கோட்டைவிட்டோம். பாலமோ சப்வேயோ திறந்ததும் கேட் நிரந்தரமாக மூடப்படும், மாநில அரசு அதற்கு முன்கூட்டியே சம்மதம் கொடுத்திருக்கும். அப்போது எதிர்ப்பக்கம் ரேஷன் கடைக்கு நடந்து போகும் பாட்டி அரை கிலோமீட்டர் பாலம் ஏறி இறங்க வேண்டும். நடைமேம்பாலமோ சின்ன சப்வேயோ வேண்டும் என்பதை ஜிஏடி கையெழுத்தாவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும், அப்புறம் கேட்டால் புதுத் திட்டம், புது நிதி, புது ஏழு வருஷம்.

மூடுவது பற்றிப் பத்திரிகை விளம்பரம் வரும், வீட்டுக்கு யாரும் தபால் போட மாட்டார்கள். எங்கள் கேட்டில் அது கேட் ரூம் சுவரில் ஒரு பக்கம் கன்னடத்தில் ஒட்டியிருந்தது, பாதியை மறைத்துக்கொண்டு கேட்கீப்பர் அண்ணனின் மழைக்கோட்டு தொங்கியது. ஆட்சேபணை சொல்லக் கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. கோட்டை ஒதுக்கிவிட்டு போட்டோ எடுத்தேன், பாட்டியின் நோட்டிலிருந்து அந்த மாதம் கேட்டை நடந்து கடந்தவர்களின் எண்ணிக்கையைச் சேர்த்து எழுதி, நாலாவது நாள் சீல் வாங்கிவிட்டேன். அந்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. முப்பதாவது நாள் ஆர்டிஐ போடத் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.